தேரிக்காட்டு விடிலி

திருச்செந்தூரிலிருந்து உடன்குடிக்குப் போகும் வழியில் மேற்கே பார்த்துக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் மண் நிறம் மாறும். கடற்கரையின் வெளிர்மணல் தீர்ந்து, செக்கச்செவேலென்று மணல் மேடுகள் எழும்பும். குதிரைமொழித் தேரி என்று அதற்குப் பெயர். ஆடிக்காற்றில் மேடு இடம் பெயரும். நேற்று இருந்த ஒற்றையடிப் பாதை இன்று இருக்காது. கொல்லாமரம், உடைமரம், பனை இந்த மூன்றும்தான் அந்த மணலைப் பிடித்து நிற்கத் தெரிந்தவை. மழைக்காலத்தில் பெய்வதெல்லாம் மணலுக்குள் இறங்கிவிடும். மேலே பார்த்தால் பாலை. பத்தடி தோண்டினால் ஈரம்.

அந்தத் தேரியின் விளிம்பில்தான் என் ஆச்சி வீடு. வீடு என்று சொன்னாலும் பங்குனி தொடங்கி ஆடி முடிய வீட்டில் ஆள் இருக்காது. எல்லோரும் விடிலியில்தான் கிடப்பார்கள். பதனி காய்ச்சும் விடிலி பெரிய கட்டடம் ஒன்றும் இல்லை. நான்கு பனந்தூண், மேலே ஓலை, மூன்று பக்கம் தட்டி, நடுவில் மண்ணால் போட்ட அடுப்பு, அதன்மேல் அகன்ற தாச்சி. அடுப்புக்கு எதிர்ப்பக்கத்து ஓலை புகைபட்டுக் கறுத்து மினுமினுக்கும். பள்ளிக்கூடம் அடைத்ததும் நாங்கள் பேரப்பிள்ளைகள் அங்கே போய் இறங்கிவிடுவோம். பதனி வாசம், வெந்த பாகின் வாசம், ஓலைப் புகை எல்லாம் சேர்ந்து சட்டையில் ஏறி, பள்ளி திறந்த பிறகும் சில நாள் கூடவே வரும்.

தாத்தா இருட்டோடு எழுந்து போய்விடுவார். இடுப்பில் அரிவாள்பெட்டி, தோளில் முறுக்குத்தடி, காலுக்குத் தளைநார். ஒவ்வொரு பனையிலும் ஏறி, பாளையின் நுனியை ஓலைக்கனத்துக்குச் சீவி, கலயத்தில் சேர்ந்திருக்கும் பதனியைக் குடுவையில் கவிழ்த்துக்கொண்டு, கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவி மறுபடி கட்டிவிட்டு இறங்குவார். சாயங்காலம் மறுபடியும் ஏற்றம். சுண்ணாம்பு காரத்தன்மை உள்ளது; அது இருக்கும்வரை நுண்ணுயிர்கள் பெருக முடியாது. தடவ மறந்த கலயத்தில் வெயில் ஏறுவதற்குள் பதனி நுரைத்துக் கள்ளாகும்.

வெயில் ஏறும் நேரத்தில் தாச்சி நிறையப் பதனி இருக்கும். ஆச்சி காவோலையையும் மட்டையையும் கொல்லாஞ்சருகையும் அடுப்புக்குள் தள்ளத் தொடங்குவாள். சற்று நேரத்தில் தளதளவென்று கொதி வந்துவிடும். அதற்குப் பிறகுதான் எங்களுக்குப் பொறுமை போகும். கொதித்தது, கொதித்துக்கொண்டிருந்தது, இன்னும் கொதித்தது. எரிகிற ஓலைக்கு அளவே இல்லை. தாச்சியிலோ பார்க்கும்படி எதுவும் நடக்காது. நுரை பொங்கி விளிம்புக்கு வந்தால் ஆச்சி ஆமணக்கு முத்து ஒன்றிரண்டை நசுக்கிப் போடுவாள். எண்ணெய் பட்டதும் குமிழ்களின் சவ்வு அறுந்து நுரை அடங்கும். அவ்வளவுதான் வேடிக்கை.

"இப்ப என்னத்தப் பாக்க? வெளாடப் போங்கல. கூப்பனி ஆவும்போது கூப்பிடுதேன்" என்பாள். பதனி வற்றித் தடித்த பாகைத்தான் கூப்பனி என்போம்.

பாளையங்கோட்டையில் பி.எஸ்ஸி. இயற்பியல் படிக்கும்போது ஒரு நாள் கரும்பலகையில் ஒரு கோடு வந்தது. வெப்பம் கொடுக்கக் கொடுக்க நீரின் வெப்பநிலை சாய்வாக ஏறிக்கொண்டே போகிறது. 100 டிகிரியைத் தொட்டதும் கோடு படுத்துவிடுகிறது. வெப்பம் உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது, வெப்பமானியோ அசையவில்லை. எனக்கு அந்தக் கிடைக்கோடு புதிதாக இல்லை. ஆச்சி எங்களை விளையாட அனுப்பிவைத்த நேரம் முழுவதும் அந்தக் கோட்டின்மேல்தான் ஓலை எரித்திருக்கிறாள்.

இந்தக் கோட்டை முதலில் அளந்து புரிந்துகொண்டவர் ஜோசப் பிளாக். ஸ்காட்லாந்துக்காரர், மருத்துவர். 1760-களின் தொடக்கத்தில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். பனிக்கட்டி உருகும் சூட்டைத் தொட்டுவிட்டால், இன்னும் கொஞ்சம் வெப்பம் பட்டாலே முழுவதும் நீராகிவிடும் என்றுதான் அதுவரை எல்லோரும் நினைத்தார்கள். அது உண்மையானால், குளிர்காலம் முடிந்து முதல் வெயில் அடித்த அன்றே மலைப்பனி மொத்தமும் உருகி ஊர்களை அடித்துக்கொண்டு போயிருக்க வேண்டுமே என்று பிளாக் கேட்டார். அப்படி நடப்பதில்லை, பனி வாரக்கணக்கில் கசிந்துதான் தீர்கிறது. ஆகவே நிலை மாறுவதற்கென்றே பெரிய அளவு வெப்பம் தனியாகத் தேவைப்படுகிறது, அது வெப்பமானியில் தெரிவதில்லை என்று கண்டார். உள்ளுறை வெப்பம் என்று நாம் படிப்பது இதுதான். ஒரு கிலோ நீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 290 கிலோஜூல் போதும். அதே நீரை அதே சூட்டில் ஆவியாக்க 2,260 கிலோஜூல் வேண்டும். ஏழு மடங்குக்கும் மேல்! விடிலியில் ஓலைக்கட்டுகள் போன இடம் அதுதான்.

அந்த வெப்பம் என்ன வேலை செய்கிறது? நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன. அந்தப் பிடியை அறுத்து விடுவிக்கத்தான் அது செலவாகிறது. ஒரு பொருள் திண்மமாக இருக்குமா, நீர்மமாக இருக்குமா, வளிமமாக இருக்குமா என்பதை இரண்டு விருப்பங்கள் முடிவு செய்கின்றன. சேர்ந்திருந்தால் ஆற்றல் குறைவு. அதனால் சேர்ந்திருக்க விருப்பம். பிரிந்து திரிந்தால் எத்தனையோ விதமாக இருக்கலாம். அதனால் திரியவும் விருப்பம். சூடு ஏற ஏற இரண்டாவது விருப்பத்தின் கை ஓங்கும். இரண்டும் சரிக்குச் சரியாக நிற்கும் வெப்பநிலைதான் நிலைமாற்றம் நடக்கும் இடம். அதற்கு அரை டிகிரி கீழே நீர், அரை டிகிரி மேலே ஆவி. நடுவில் பாதி நீர் பாதி ஆவி என்று ஒரு பொருள் கிடையாது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம். கலந்து மூன்றாவது ஒன்றாக முடியாது.

பதனி வெறும் நீர் இல்லை என்பதால் விடிலியில் கதை இன்னும் சுவாரசியமானது. நூறு பங்கு பதனியில் பத்துப் பன்னிரண்டு பங்கு சர்க்கரை. கிட்டத்தட்ட எட்டு லிட்டர் வற்றினால் ஒரு கிலோ கருப்பட்டி தேறும். சர்க்கரை கலந்த நீரின் கொதிநிலை 100-க்குச் சற்று மேலே இருக்கும். நீர் போகப்போகச் சர்க்கரையின் பங்கு கூடி, கொதிநிலையும் ஏறும். ஆனால் அந்த ஏற்றம் நடக்கும் விதத்தைப் பாருங்கள். இருந்த நீரில் எட்டில் ஏழு பங்கு வெளியேறி, தாச்சியில் பாதி நீர், பாதி சர்க்கரை என்று ஆகும்போதுகூடக் கொதிநிலை இரண்டு டிகிரிதான் கூடியிருக்கும். சர்க்கரை எண்பது சதவீதம் ஆகும்போது 110 டிகிரிக்கு வந்துவிடும். அதற்குப் பின் கொஞ்சம் நீர் போனாலும் சூடு சட்டென்று தாவி 120-ஐ நெருங்கும். மணிக்கணக்கில் நடக்காதது கடைசிச் சில நிமிடங்களில் நடக்கும். அதனால்தான் முற்பகல் முழுக்க எங்களை விரட்டிய ஆச்சி, கூப்பனி ஆனதும் யாரையும் பக்கத்தில் அண்டவிடமாட்டாள். சின்னப் பிள்ளைகள் கிட்ட வந்தால் துடுப்பு ஓங்கப்படும். அந்தச் சூட்டுப் பாகு ஒரு சொட்டுத் தெறித்தாலும் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

அந்தக் கடைசி நிமிடங்களில் அவள் காது வேலை செய்யும். நீர்த்த பதனி கொதிக்கும் சத்தம் ஒன்று. தடித்த பாகு வெடிக்கும் சத்தம் வேறு. சத்தம் மாறியதும் தீயை வெளியே இழுப்பாள். பிறகு சிரட்டையில் தண்ணீர் எடுத்து ஒரு சொட்டுப் பாகை விடுவாள். கரைந்து பரவினால் "இன்னும் கொள்ளல". உருண்டு நின்றால், விரலில் எடுத்து நசுக்கிப் பார்ப்பாள். கெட்டியாக நின்றால் தாச்சி கீழே இறங்கும்.

இங்கேதான் எனக்கு அந்தக் காலத்தில் புரியாத ஒரு வேலை நடந்தது. இறக்கிவைத்த பாகை அப்படியே சிரட்டைகளில் ஊற்றமாட்டாள். துடுப்பால் தாச்சியின் பக்கச்சுவரில் பாகைத் தேய்ப்பாள். தேய்த்ததை உள்ளே தள்ளிக் கிண்டுவாள், மறுபடி தேய்ப்பாள். கண்ணாடிபோல் இருந்த பாகு மெல்லக் கலங்கி, நிறம் வெளுத்து, மணல் கலந்தாற்போல் ஆகும். அப்போதுதான் தண்ணீரில் ஊறிய சிரட்டைகளில் ஊற்றுவாள். அப்படி ஊற்றியது கொஞ்ச நேரத்தில் இறுகிவிடும்.

அந்தப் பாகை அதிதெவிட்டிய கரைசல் என்று சொல்ல வேண்டும். ஆறும்போது அது தாங்கவேண்டிய அளவுக்கு மேல் சர்க்கரையைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. படிகமாவதுதான் அதற்கு லாபம். இருந்தும் தானாகத் தொடங்குவதில்லை. காரணம் மேற்பரப்பு. பாகுக்குள் நாலைந்து மூலக்கூறுகள் தற்செயலாக ஒழுங்காக அடுக்கிக்கொண்டாலும், அந்தச் சிறுமணியின் பெரும்பகுதி விளிம்பாகவே இருக்கும். விளிம்பில் நிற்கும் மூலக்கூறுக்கு ஒரு பக்கம் துணை இல்லை. அதனால் மணி பிறந்த வேகத்தில் கரைந்துபோகும். ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டிவிட்ட மணிக்கு மட்டும் உள்ளே கிடைக்கும் லாபம் விளிம்பின் நஷ்டத்தை மிஞ்சும். பிறகு அதை யாரும் நிறுத்த முடியாது. துடுப்பால் தேய்க்கும்போது சுவர் ஓரத்தில் ஆறிய பாகில் அத்தகைய மணிகள் ஆயிரக்கணக்கில் பிறக்கின்றன. உள்ளே தள்ளும்போது ஒவ்வொன்றும் விதையாகிறது.

ஃபாரன்ஹீட், வெப்பமானியில் பெயர் நிலைத்தவர், 1721-இல் இதையே நீரில் கண்டார். காற்றை வெளியேற்றிய கண்ணாடிக் குமிழில் நீரை வைத்து இரவுக் குளிரில் விட்டிருந்தார். உறைநிலைக்குக் கீழே போன பின்னும் நீர் நீராகவே இருந்தது. குமிழின் முனையை உடைத்து ஒரு துளிப் பனிக்கட்டியை உள்ளே போட்டதும் குபீரென்று உறைந்தது. வெப்பமானியைச் செருகிப் பார்த்தால் அது உறைநிலைக்கு ஏறி நின்றது. உறையும்போது சூடு ஏறுவதாவது என்று தோன்றும். பிடியை அறுக்க எவ்வளவு வெப்பம் கொடுத்தோமோ, பிடித்துக்கொள்ளும்போது அவ்வளவும் திரும்ப வரத்தானே வேண்டும்?

எங்கள் பக்கத்து விடிலி ஒன்றில் பனங்கற்கண்டும் போடுவார்கள். அங்கே முறை தலைகீழ். கூப்பனியைக் கொஞ்சம் இளம்பதத்திலேயே இறக்கி, மண்பானையில் ஊற்றி, உள்ளே நூல் கட்டித் தொங்கவிட்டு, பானையை மணலில் புதைத்துவிடுவார்கள். தொடக்கூடாது, அசைக்கக்கூடாது, எட்டிப் பார்க்கக்கூடாது. எங்களுக்கோ அதைத் தோண்டாமல் இருப்பது பெரிய விரதம். ஒரு மண்டலத்துக்குக் கிட்ட ஆன பிறகு பானையை எடுத்து, மிஞ்சிய பாகை வடித்தால், நூலெல்லாம் காய்த்துத் தொங்கும். தேய்த்துக் கிண்டினால் கோடி விதை; ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் சர்க்கரை கொஞ்சம்; எனவே கருப்பட்டியின் மெல்லிய மணல்தன்மை. அசையாமல் விட்டால் நூலின் நாரில் சில விதைகள் மட்டும். அவற்றுக்கு நிறையச் சர்க்கரை, நிறைய நேரம். எனவே விரல்கனத்துக் கற்கண்டு. ஒரே பனை, ஒரே பதனிதான். எத்தனை இடத்தில் தொடங்கியது, எவ்வளவு மெல்ல வளர்ந்தது என்பதில்தான் வித்தியாசம்.

மூன்றாவதாக ஒன்றும் இருந்தது, அது எங்களுடையது. தாச்சி விளிம்பில் வழிந்து தீயின் சூட்டில் முறுகிப்போன பாகு, பழுப்புக் கண்ணாடித் துண்டாக ஒட்டிக்கொண்டிருக்கும். பெயர்த்து வாயில் போட்டால் படக்கென்று முறியும். இது படிகம் இல்லை. அடுக்கிக்கொள்ள நேரம் கிடைப்பதற்குள் நீர் வற்றி, அசைவு நின்றுபோன பாகு. உள்ளே மூலக்கூறுகள் நீர்மத்தில் இருந்த அதே தாறுமாறான கோலத்தில் நிற்கின்றன. ஜன்னல் கண்ணாடியும் இந்த வகையே. குறிப்பிட்ட ஒரு வெப்பநிலையில் சட்டென்று நிலை மாறாமல், ஆற ஆறத் தடித்துக்கொண்டே போய் இறுகிவிட்டவை இவை. கண்ணாடியாவது உண்மையான நிலைமாற்றம்தானா என்ற கேள்வியில் இயற்பியலாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. எங்களுக்கு அந்தப் பிரச்சினை இருந்ததில்லை, கிடைத்ததைத் தின்றோம். எடுத்து ஒளித்துவைத்தால் சில நாளில் ஈரம் ஏறி, தெளிவு போய், மணல் மணலாக உதிரும். நேரம் கிடைத்ததும் அதுவும் அடுக்கிக்கொள்ளப் பார்க்கிறது.

சில நாள் கருப்பட்டி கொள்ளாது. மழை விழுந்து கலயத்துச் சுண்ணாம்பு கரைந்திருக்கும், அல்லது பதனி வந்து சேர நேரமாகியிருக்கும். எவ்வளவு தேய்த்தாலும் பாகு பாகாகவே இழுபடும். கொஞ்சமே புளித்தாலும் சர்க்கரையில் ஒரு பகுதி குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைந்துவிடும். அந்த வடிவம் பொருந்தாத மூலக்கூறுகள் படிகத்தின் முகத்தில் போய் ஒட்டிக்கொண்டு அடுத்தது சேரவிடாமல் தடுக்கும். அன்றைக்குத் தாத்தா ஒன்றும் பேசமாட்டார். பாகைப் பானையில் ஊற்றி வைத்துவிட்டு, மறுநாள் சுண்ணாம்பு டப்பாவைத் தாமே எடுத்துப் பார்ப்பார்.

தேரி மணலில் எங்களுக்கு இன்னொரு விளையாட்டு உண்டு. மாமா மகன் ஒருவன் பழைய ரேடியோ ஸ்பீக்கரை உடைத்துக் காந்தம் ஒன்று வைத்திருந்தான். நூலில் கட்டி மணலில் இழுத்துக்கொண்டு போனால், சிவப்பு மணலுக்குள் மறைந்திருக்கும் கறுப்பு மணிகள் மீசைபோல் அதில் ஒட்டும். ஒரு நாள் அதில் ஒட்டியிருந்த காகிதத்தையும் கோந்தையும் எரிக்க அவன் அதை விடிலி அடுப்பின் கங்குக்குள் போட்டான். மறுநாள் சாம்பலிலிருந்து எடுத்தபோது காகிதம் போயிருந்தது, காந்தமும் போயிருந்தது. கல் அப்படியே இருக்கிறது. ஒரு மணியைக்கூடப் பிடிக்கவில்லை.

காந்தத்துக்கும் ஒரு நிலைமாற்றம் உண்டு. இரும்புக்கு அது 770 டிகிரி. ஸ்பீக்கரில் இருக்கும் ஃபெரைட் வகைக் காந்தத்துக்கு 450 டிகிரி அளவில். பியேர் கியூரி 1895-இல் இதை விரிவாக ஆராய்ந்ததால் கியூரி வெப்பநிலை என்கிறோம். அதற்கு மேல் அணுக்களின் சிறு காந்தங்கள் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொள்கின்றன. குளிர்ந்தால் அவை மறுபடி அணிவகுக்கும். ஆனால் சிறுசிறு பகுதிகளாக, பகுதிக்கொரு திசையில். அதனால் வெளியே இழுப்பு இல்லை.

கொதிப்பதற்கும் இதற்கும் முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. கியூரி வெப்பநிலையில் கிடைக்கோடு இல்லை, உள்ளுறை வெப்பம் இல்லை, விதையும் தேவையில்லை. காந்தத்தன்மை குறைந்துகொண்டே வந்து அந்த இடத்தில் சுழியாகிறது. தாவிக் குதிக்கும் மாற்றங்கள் ஒரு வகை; இப்படித் தொடர்ச்சியாகக் கரையும் மாற்றங்கள் இன்னொரு வகை.

எதிலும் தலைவன் கிடையாது, ஒவ்வோர் அணுவும் பக்கத்து அணுவைத்தான் பார்க்கிறது. பிறகு எப்படிக் கோடிக்கணக்கானவை ஒரே திசையில் நிற்கின்றன? இந்தக் கேள்வியை எர்ன்ஸ்ட் ஐசிங் என்ற இளைஞர் தம் ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்டு 1925-இல் விடையை வெளியிட்டார். அணுக்களை ஒற்றை வரிசையில் நிறுத்திக் கணக்குப் போட்டால் நிலைமாற்றமே வரவில்லை. ஏன் என்பதை எங்கள் ஊர் அம்மன் கொடையில் பார்க்கலாம். பெண்கள் ஒரே வரிசையாக நின்று கும்மியடித்தால், நடுவில் ஒருத்தி தாளம் பிசகினால் போதும், அவளுக்கு அடுத்து நிற்பவர்கள் எல்லோரும் அவளைப் பார்த்துப் பிசகிவிடுவார்கள். வட்டத்துக்குள் வட்டமாக நாலைந்து வரிசை நின்றால், பிசகியவளை உள்வரிசையும் வெளிவரிசையும் திருத்திவிடும். 1944-இல் லார்ஸ் ஆன்சேகர் இதைத் தளம் முழுக்கப் பரப்பிய அணுக்களுக்குக் கணக்கிட்டுக் காட்டினார்: இரண்டு பரிமாணத்தில் நிலைமாற்றம் வருகிறது, குறிப்பிட்ட ஒரு வெப்பநிலையில் திட்டவட்டமாக வருகிறது.

நீருக்கும் ஆவிக்கும் இடையில் உள்ள குதிப்புக்குக்கூட ஒரு முடிவிடம் உண்டு. பிரான்ஸில் சார்ல் கஞ்ஞார் த லா தூர் என்பவர் 1822-இல் ஒரு துப்பாக்கிக் குழலுக்குள் நீர்மத்தையும் ஒரு கல்குண்டையும் போட்டு அடைத்து, சூடாக்கி, ஆட்டி, காது கொடுத்துக் கேட்டார். நீர்மம் இருக்கும்வரை குண்டு உருளும்போது சளக் சளக் என்ற சத்தம் வரும். ஒரு வெப்பநிலையைத் தாண்டியதும் அந்தச் சத்தம் நின்றுவிட்டது. உள்ளே நீர்மம் என்றும் ஆவி என்றும் பிரித்துச் சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. நீருக்கு இந்த மாறுநிலை 374 டிகிரி, காற்றழுத்தத்தைப்போல் 218 மடங்கு அழுத்தம். கரியமில வாயுவுக்கு வெறும் 31 டிகிரி. அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட்டில் தாமஸ் ஆண்ட்ரூஸ் 1869-இல் அதைத் துல்லியமாக வரைந்து காட்டினார். இதைப் படித்தபோது, அந்தப் பிரெஞ்சுக்காரரும் ஆச்சியும் கண்ணுக்குத் தெரியாததைக் காதால் பிடித்தவர்கள் என்று எனக்கு ஒரு பெருமை.

அந்த மாறுநிலைக்கு அருகில் நீர்மத்துக்கும் ஆவிக்கும் உள்ள அடர்த்தி வேறுபாடு எப்படிக் குறைந்து மறைகிறது என்று அளந்தால் 0.33-க்கு அருகில் ஓர் அடுக்கெண் வருகிறது. காந்தத்தில் இழுப்பு எப்படிக் குறைந்து மறைகிறது என்று அளந்தாலும் பல காந்தப் பொருள்களில் அதை ஒட்டிய எண்தான். ஒன்று கொதிக்கும் நீர்மம், மற்றது கல். இரண்டுக்கும் எண் எப்படி ஒத்துப்போகும்? கென்னத் வில்சன் 1971-இல் தந்த கணக்குமுறை இதை விளக்கியது; அதற்காக 1982-இல் நோபல் பரிசு பெற்றார். மாறுநிலையில் சிறு தொகுதி, பெரிய தொகுதி, அதைவிடப் பெரிய தொகுதி என எல்லா அளவிலும் ஒரே நேரத்தில் ஏற்ற இறக்கங்கள் நடக்கின்றன. அந்த அமளியில் நீரா இரும்பா என்ற விவரம் அடிபட்டுப்போகிறது. எத்தனை பரிமாணம், அணிவகுக்க எத்தனை வழி என்பவை மட்டும் எஞ்சுகின்றன.

மணலையும் விட்டுவிடக் கூடாது. தேரியின் ஒவ்வொரு மணியும் பெரும்பாலும் குவார்ட்ஸ். மேலே இரும்பு ஆக்சைடின் மெல்லிய சிவப்புப் பூச்சு. குவார்ட்ஸ் 573 டிகிரியில் உருகாமல், உடையாமல், உள்ளே அணுக்களின் அமைப்பைச் சற்றே திருப்பிக்கொண்டு வேறொரு படிகமாகிறது. பருமனும் கொஞ்சம் கூடுகிறது. இறங்கும்போது சுருங்குகிறது. கலயம் வனைகிறவர்கள் களிமண்ணோடு மணலும் சேர்ப்பார்கள். சூளையை அவசரப்பட்டுப் பிரித்தால் கலயம் விரிசல் விடுவதற்கு இந்தச் சுருக்கமும் ஒரு காரணம்.

திருச்சியில் பிறந்த சி.வி. ராமன், நோபல் பரிசு வாங்கிப் பத்தாண்டு ஆன பிறகு, 1940-இல் பெங்களூரில் தம் மாணவர் நெடுங்காடியோடு சேர்ந்து இந்தக் குவார்ட்ஸைச் சூடாக்கி அதில் சிதறும் ஒளியைப் பார்த்தார். மாற்றம் நடக்கும் வெப்பநிலையை நெருங்க நெருங்க, படிகத்தின் அதிர்வுகளில் ஒன்று மட்டும் தளர்ந்துகொண்டே போவது நிறமாலையில் தெரிந்தது. அந்த அதிர்வு அணுக்களை எந்தப் பக்கம் அசைக்கிறதோ, அந்தப் பக்கமாகத்தான் படிகம் கடைசியில் திரும்புகிறது. வெளியே எதுவும் தெரியாத நாள்களிலேயே உள்ளே ஒரு பிடி தளர்ந்துவருகிறது. திண்மங்களின் நிலைமாற்றத்தைப் புரிந்துகொள்வதில் பின்னாளில் உலகம் முழுவதும் பயன்பட்ட கருத்து இது.

தேரியில் இப்போது ஏறுகிறவர்கள் குறைவு. எங்கள் விடிலி இருந்த இடத்தில் கொல்லாந்தோப்புக்கு வேலி போட்டிருக்கிறார்கள். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. அதே பெயரில் சீனிப்பாகு கலந்ததும் கடைக்கு வருகிறது. வாங்கும்போது உடைத்துப் பார்க்கச் சொல்வார்கள் எங்கள் ஊரில். உள்முகம் மங்கலாக, மெல்லிய மணலாக இருந்தால் நல்லது, பளபளத்தால் கலப்படம். காரணம் ஆச்சியின் துடுப்பில் மட்டும் இல்லை, பதனியிலும் இருக்கிறது. பதனியின் உப்புகளும் மற்ற சத்துகளும் படிகங்களைப் பெரிதாக வளரவிடுவதில்லை. சுத்தச் சீனிக்கு அந்தத் தடை இல்லாததால் அதன் முகங்கள் பெரிதாகி ஒளியைத் திருப்புகின்றன.

நிலைமாற்றப் பாடம் நம் புத்தகங்களில் இன்றும் பனிக்கட்டியில்தான் தொடங்குகிறது. பிளாக்கும் ஃபாரன்ஹீட்டும் ஜன்னலைத் திறந்தால் பனியைப் பார்த்தவர்கள். அவர்களுக்கு அது சரி. தெற்கத்திப் பிள்ளைக்குப் பனிக்கட்டி குளிர்பதனப் பெட்டிக்குள் கதவடைத்துக்கொண்டு நடக்கும் சங்கதி. வெப்பம் எங்கே மறைகிறது, விதை ஏன் வேண்டும், மெல்ல ஆறியதும் சட்டென்று ஆறியதும் ஏன் வேறு வேறு என்ற மூன்று கேள்விகளும் ஒரே தாச்சியில் கிடக்கின்றன. அடுத்து பாடப்புத்தகம் எழுதுகிறவர்கள் ஒரு பருவம் உடன்குடிப் பக்கம் வந்து உட்கார்ந்து எழுதட்டும். கூப்பனி ஆகும்போது மட்டும் அடுப்புக்கு எட்ட நின்றுகொள்ள வேண்டும்.